அழுவதற்கு ஒரு மணி நேரம்

"நான் பேசலேன்னா என்னை அனுப்பிருவீங்களா, ஆன்ட்டி?" என்று தந்தையை இழந்த ஒரு சிறுமி உளவியலாளர் சகாயமேரியிடம் கேட்டாள். மூன்று நிமிடம் பேச்சில்லாவிட்டால் மருத்துவமனைக் கணினித் திரை அடுத்த நோயாளியை அழைத்துவிடும் காலம் அது. சகாயமேரி தன் தொழிற்சங்கத்திடம் முறையிட்டாள்.

"சும்மா உக்காந்திருக்கச் சம்பளமான்னு மருத்துவமனை வாரியத்துல சிரிக்காங்க, மேடம்" என்றார் சங்கச் செயலாளர் நல்லபெருமாள்.

"சிரிக்கட்டும் சார். அழுறதுக்கும் நேரம் வேணும்லா?"

நல்லபெருமாள் ஆறு வருடம் வாரியத்தின் படியேறினார். மௌனமும் சிகிச்சைதான், பேசாவிட்டாலும் ஒருவருக்கு ஒரு மணி நேரம் உண்டு என்று விதி மாறியது. அதற்குள் அந்தச் சிறுமி ஊரைவிட்டே போயிருந்தாள்.

மனைவியின் காரியம் முடிந்த மறுநாள் நல்லபெருமாளே சகாயமேரியின் அறைக்கு வந்தார்.

"என்ன பேசன்னே தெரியல, மேடம்."

"ஒண்ணும் பேச வேண்டாம் சார். உக்காருங்க."

அவள் கதவைச் சாத்தினாள். அவர் அழுது ஓயும்வரை, மனதுக்குள் ஜெபித்தபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.