ஆறு பேருக்கும் ஒரே வசனம்

ஆறாவது தாளை எடுத்தபோதுதான் அது தன்னைப் பற்றியது என்று மீனலோசனிக்குத் தெரிந்தது.

கரம்பொன் பனைப்பொருள் கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சுப்பொறி ஒன்று. அதை அடிக்கத் தெரிந்தவளும் ஒருத்திதான். முகாமையாளர் அரியநாயகம் தன் ஊழியர்களைப் பற்றி யாழ்ப்பாணத் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதும் இரகசிய அறிக்கைகளை அவளே அடிக்க வேண்டும், தன்னுடையது உட்பட.

‘வரவு ஒழுங்கு. வேலை சுத்தம். மேலதிகாரியின் பிழையைச் சுட்டிக்காட்டும் துணிவு இல்லை. நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வதற்கில்லை.’

மாத முடிவோடு இந்தத் தற்காலிக வேலை போய்விடும். எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தறையில் அப்பாவின் கடை எரிந்த பிறகு வீட்டுக்கு வருகிற ஒரே வருமானம் அவளுடைய சம்பளம்.

துணிவு என்ற விஷயம் புதிது. போன மாதம் கொழும்பில் முகாமைத்துவப் பயிற்சிக்குப் போன அரியநாயகம், மூன்று புத்தகங்களோடும் ஒரு கொள்கையோடும் திரும்பியிருந்தார். தலைவனிடம் ‘இது பிழை’ என்று சொல்லக்கூடியவனே நல்ல ஊழியன்.

சேர்ந்த புதிதில் அவள் சொல்லிப் பார்த்தவள்தான். அவர் எழுதிய கடிதத்தில் திகதி பிழைத்திருந்தது. “உமக்குச் சம்பளம் அடிக்கிறதுக்கு, திருத்துறதுக்கில்லை” என்றார். அன்றிலிருந்து எழுதியது எழுதியபடியே அடித்தாள்.

மற்ற ஐந்து தாள்களையும் மேசையில் பரப்பி இன்னொருமுறை வாசித்தாள். பிறகு எழுந்துபோய் அவருடைய கதவைத் தட்டினாள்.

“சேர், ஒரு பிழை இருக்கு.”

அவர் நிமிரவில்லை. “உம்மடையிலையோ?”

“ஆறு பேரின்ரையிலையும். துணிவு இல்லையெண்டு ஆறு பேருக்கும் எழுதியிருக்கிறியள். ஒருத்தருக்கெண்டால் அவரிலை பிழை. ஆறு பேருக்குமெண்டால், வாசிக்கிறவை வேறை ஆரிலையோவெல்லோ பிழையைத் தேடுவினம்.”

அரியநாயகம் பேனையை மூடினார். திறந்தார். அவளுடைய தாளை வாங்கி, அடிமட்டம் வைத்து, கடைசி இரண்டு வசனங்களையும் நேர்கோட்டில் வெட்டினார். ‘நிரந்தரமாக்கலாம்’ என்று மேலே எழுதினார்.

“சொல்லிப்போட்டீர். இனி உமக்கு அது பொருந்தாது. மற்ற அஞ்சும் எழுதினபடி போகட்டும்.”

“ஓம் சேர்.”

இடத்துக்கு வந்து கடதாசியும் காபனும் ஏற்றினாள். முதலாவது, களஞ்சியப் பொறுப்பாளர் ஆழ்வாப்பிள்ளையின் அறிக்கை. இரகசியம், அதில் இருப்பதை அவருக்குச் சொல்ல ஏலாது.

ஓர் எழுத்தும் அடிக்காமல் எழுந்து களஞ்சியத்துக்குப் போனாள்.

“அண்ணை, ஒடியல் சாக்கைக் கூரை ஒழுக்குக்குக் கீழை சேர் அடுக்கச் சொன்னது பிழையெண்டு மூண்டு நாளா என்னட்டைப் புறுபுறுக்கிறியள். அதைப் போய் இப்ப அவரிட்டையே சொல்லுங்கோ.”

“உனக்கென்ன விசரே பிள்ளை? மனிசன் கடிச்சுத் திண்டுபோடும்.”

“இண்டைக்குக் கடியாது. போங்கோ.”

ஆழ்வாப்பிள்ளை மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. அவருடைய குரல் கேட்டது. பிறகு அரியநாயகத்தின் குரல், உரத்து. பிறகு மேசையில் அடிமட்டத்தை வைக்கும் சத்தம்.

“மீனலோசனி, அந்தத் தாளைக் கொண்டுவாரும்!”

எந்தத் தாள் என்று அவர் சொல்லவில்லை.

அவள் ஐந்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.