ரோஜாக்களுக்கு நடுவே ஒரு தக்காளி

விடிகாலைப் பனியில் பால்கனி ரோஜாக்கள் பாதித் தூக்கத்தில் இருந்தன. அவற்றின் நடுவே ஒரு தொட்டியில், ஒரே ஒரு தக்காளி சிவப்பாகத் தொங்கியது.

"பாத்தியா, இன்னிக்கும் ஒண்ணு பழுத்திருக்கு!" என்றார் கணவர், மூச்சு வாங்க.

"கனவு மாதிரி இருக்குங்க" என்று மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் செடியருகே குனிந்து பார்த்தாள். உடனே அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அம்மா, காம்புல பச்சை நூல் இருக்கு. அப்பா கடையில வாங்கிக் கட்டிவிட்டு உன்னை ஏமாத்துறார்!"

"தெரியும்டி. அது தக்காளிச் செடியே இல்ல, நான் நட்டது உருளைக்கிழங்கு. இலை ஒரே மாதிரி இருக்கும். அவருக்கு எங்க தெரியப்போகுது?"

"அப்புறம் எதுக்கு, 'ஒரு காய்கூட வரலையே'ன்னு அவர்கிட்ட மூக்கைச் சிந்தினே? அப்பா போன்ல சொன்னாரே!"

அம்மா பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் நடக்கணும்னு டாக்டர் அவர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டார். மனுஷன் சோபாவை விட்டு அசையல. இப்ப பாரு, விடிஞ்சும் விடியாம மார்க்கெட் வரைக்கும் நடந்துட்டு வந்துடறார். அடுத்த வாரம் குடைமிளகாய்க்கு ஆசைப்படப் போறேன். அந்தக் கடை இன்னும் கொஞ்சம் தூரம்."