‘அது, இது’ சொல்லாதவர்

“என் சீப்பைப் பாத்தீங்களா?”

“அலமாரியில ரெண்டாவது தட்டு, வலது ஓரம், பவுடர் டப்பாவுக்குப் பின்னால,” என்றார் கணக்கு சார்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருந்தாள். ‘இதையும் அதையும் கூட்டினா இது’ என்று போர்டைக் காட்டினால் அவளுக்கு என்ன புரியும்? அதனால் ‘அது, இது’ என்பதையே விட்டுவிட்டு, எழுதுவதையெல்லாம் வாயால் சொல்லப் பழகியிருந்தார். அவளுக்காக அட்டையில் நூல் ஒட்டி முக்கோணம் செய்வார்.

ஒரு வாரமாக அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உப்பு டப்பா மூடியில் நூல் ஒட்டினார். அடுப்படியிலிருந்து வாசலுக்குப் பதினான்கு காலடி என்று மனைவியை எண்ணி நடக்க வைத்தார்.

“வீடு என்ன வகுப்பா? ஏன் என் உயிரை வாங்குறீங்க?”

“பழக்கம் விட மாட்டேங்குது.”

மதியம் கடைத்தெருவில் மனைவி அந்த மாணவியின் அம்மாவைப் பார்த்தாள்.

“சாருக்கு எந்நேரமும் உங்க பொண்ணு நினைப்புதான்.”

“அவ போன வருஷமே காலேஜுக்குப் போயிட்டாளே. கணக்குதான் படிக்கிறா. எல்லாம் சார் புண்ணியம்.”

வீட்டுக்கு வந்து அப்படியே உட்கார்ந்தாள். போன வாரம் தன் கண்ணைச் சோதித்த டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசியது நினைவுக்கு வந்தது. வெளியே வந்தவர், ‘கண்ணாடி மாத்தணுமாம், வேறொண்ணுமில்ல’ என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“எனக்கு இன்னும் எத்தனை மாசம் கண்ணு தெரியும்?”

கணக்கு சார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அது... அது வந்து...”