கல்லுக்கட்டி பாய்ஸும் சௌபர்ணிகாவும்

லூர்து பிரகாஷின் வயிறு முதலில் மேடைக்கு வந்தது. பின்னால் அவன் வந்தான்.

முன்வரிசையில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசாலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்டாங்கிச் சேலையை வெட்டித் தைத்த அதே தொளதொளக் கால்சட்டை. பதினாலு வயதில் அதற்கு அரைச் சேலை போதுமாயிருந்தது. இப்போது ஆளுக்கு ஒன்று முழுசாகப் போயிருக்கும்.

கூடவே சகாய ஆண்டனி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் டிவியில் ராப் பாடி ஊரைக் கலக்கிய 'கல்லுக்கட்டி பாய்ஸ்' மறுபடியும் காரைக்குடியில்! ஓட்டலாகிவிட்ட பெரிய வீட்டின் முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்கள் எல்லாம் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மறக்காமல் சர்க்கரை மாத்திரையையும் விழுங்கிவிட்டு வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஏதோ முழங்கால் வலித் தைலத்தின் விளம்பரம்.

பாய்ஸுக்கு வாய்த்தது ஒரே ஒரு ஹிட் பாட்டு. அது அவர்களோடு டியூஷனில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விசாலியைப் பற்றியது.

'விசாலி விசாலி வெட்டிப் பேச்சு எதுக்கு, ரெட்டை ஜடை ரிப்பனுக்கு ரெண்டு தெரு ஒதுக்கு!'

அந்தப் பாட்டு அவளைப் படாதபாடு படுத்தியது. கல்லூரியில் அவள் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே அடுத்த வரியைப் பாடும். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியில் தாளம் போட்டார். கலியாணத்துக்குப் பிறகுதான் நிம்மதி. சமையல்காரர் முதல் வங்கி மேனேஜர் வரை எல்லோருக்கும், அந்தப் பக்கத்து வழக்கப்படி, அவள் ஆச்சி. கணவன் முத்துக்கருப்பனுக்கு 'இந்தா'. பெயர் என்று ஒன்று இருப்பது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

அந்த நிம்மதிக்கும் உலை வைக்க வந்தது இந்தக் கச்சேரியின் சுவரொட்டி. அதிலிருந்த எண்ணுக்கு அவளே போன் போட்டாள். தான் யாரென்று சொல்லக் கூச்சம்.

"விசாலி வீட்டுல இருந்து பேசுறேன். அந்தப் பேரை எடுத்துட்டுப் பாடுங்க. இல்லாட்டி நடக்குறதே வேற" என்று வைத்துவிட்டாள்.

சொன்னபடி கேட்கிறார்களா என்று நேரில் பார்த்துவிடத்தான் வந்திருந்தாள்.

இசை அதிர்ந்தது. கூட்டம் எழுந்து ஆடியது.

'சௌபர்ணிகா சௌபர்ணிகா வெட்டிப் பேச்சு எதுக்கு...'

அவ்வளவு நீளப் பெயரைத் தாளத்துக்குள் திணிக்க முடியாமல் பிரகாஷுக்கு இரைத்தது. ஆண்டனி அடுத்த வரிக்குப் போய் அங்கே இவனுக்காகக் காத்திருந்தான்.

கூட்டம் ஆடுவதை நிறுத்தியது.

"ஏப்பா, யாருப்பா அது சௌபர்ணிகா?"

பிரகாஷ் கும்பிட்டான். "கோவிச்சுக்காதீக. அந்த வீட்டுல சங்கடப்படுறாக. அதான் ஊருல யாருக்கும் இல்லாத பேராப் பார்த்து வச்சிருக்கோம்."

"இந்தா, மானம் தப்பிச்சுச்சு. இப்பச் சந்தோசம்தானே?" என்றான் முத்துக்கருப்பன்.

சந்தோஷம்தான்.

பாட்டு தொடர்ந்தது. இரண்டாம் தடவை அந்தப் பெயர் வந்தபோது அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். ஜடை யாருடையது? ரிப்பன் யாருடையது? அத்தனை கேலியையும் சுமந்தது யார்? எவளோ ஒருத்தி நோகாமல் வந்து ரெண்டு தெருவையும் வாங்கிக்கொண்டு போகிறாளே!

மூன்றாம் தடவை வந்தபோது விசாலி எழுந்து நின்றிருந்தாள்.

"விசாலின்னு பாடுங்கடா!"

இசை நின்றுவிட்டது. முத்துக்கருப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "இந்தா, உக்காரு. எல்லாரும் பாக்குறாக."

பிரகாஷ் மேடை விளிம்புக்கு வந்து குனிந்தான். வைரத்தோடு, பட்டுச்சேலை, வகிட்டில் நரை. எல்லாவற்றையும் மரியாதையாக ஒரு தடவை பார்த்தான். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பாடிருவோம் ஆச்சி. ஆனா அந்த விசாலி சண்டைக்கு வந்துருவாகளே?"

பதிலுக்காக மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

விசாலி மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளை நான் பார்த்துக்கிறேன். நீ பாடு."