பாலம் திறக்கும் நேரம்

“பாலம் திறக்க இன்னும் நேரமிருக்கு. நீ முதல்ல இந்த எலியோட காதுல உன் ஆசையைச் சொல்லு” என்றாள் மில்டா.

தெருவோரத்தில் கையளவு வெண்கல எலி. அதன் காதில் சொன்னது பலிக்கும் என்பது கிளைபேடா என்ற அந்தத் துறைமுக ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அர்னாஸ் குனியவில்லை.

“எங்க மாமாவைப் பத்தி உனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்குப் பாலம் திறக்கும்போது துறைமுகத்துல இல்லைன்னா, படகுல என் இடம் போச்சுன்னு சொல்லியிருக்கார். நாளைக்கு நிடா ஊர்ல படகுப் பந்தயம். மூணு வருஷமா கெஞ்சி வாங்கின இடம்!”

“நாம போகாம திறக்க மாட்டாங்க. சொல்லு.”

கோட்டைத் துறைமுகத்தின் வாயை ஒரு பழைய இரும்புப் பாலம் மறித்துக்கொண்டிருக்கும். அது திரும்பி வழிவிட்டால்தான் பாய்மரப் படகுகள் வெளியேற முடியும். காலையில் கவுனாஸ் நகரத்திலிருந்து வந்து இறங்கிய அர்னாஸ், அந்தப் பாலத்தருகே காபி குடித்துக்கொண்டிருந்த மில்டாவிடம், “உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டான். “என்னைவிட்டா நல்லாக் காட்ட ஆளே கிடையாது, வா” என்றாள். அவ்வளவுதான் பழக்கம்.

அவன் குனிந்தான். ‘இவகூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்’ என்று எலியிடம் முணுமுணுத்தான்.

“என்ன கேட்ட?”

“படகு என்னை விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு.”

“பொய். காதெல்லாம் சிவந்துபோச்சு.”

நாடகச் சதுக்கத்தில் வெறுங்காலோடு நிற்கும் பெண் சிலையைக் காட்டினாள். மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய கிடங்குகளைக் காட்டினாள். மனித முகம் வைத்த பூனைச் சிலையைக் காட்டி, “உன் சாயல் தெரியுது” என்றாள். ஒவ்வொன்றிலும் அர்னாஸ் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

ஆற்றில் நின்ற பழைய பாய்மரக் கப்பலின் முன்னால் மில்டா திடீரென்று கேட்டாள்:

“பந்தயத்துல உனக்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்து வர்றதா?”

“நல்லா கேட்ட! பாய் இழுத்துக் கட்டறதே நான்தான். கையைப் பாரு.”

அவள் நிஜமாகவே அமுக்கிப் பார்த்தாள். “ம்... தேறும். சரி, வா போலாம்.”

துறைமுகத்தில் படகுகள் இன்ஜின் உறுமக் காத்திருந்தன. பாலம் இன்னும் மூடித்தான் இருந்தது. அர்னாஸுக்கு உயிர் திரும்பி வந்தது.

“வந்துட்டியாடா! குதி சீக்கிரம், திறக்கப் போறாங்க!” என்று பாலிஸ் மாமா படகிலிருந்து கத்தினார்.

விடைபெறத் திரும்பியவன் திகைத்து நின்றான். மில்டா பையிலிருந்து ஆரஞ்சு நிறச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பாலத்தில் ஏறி, இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கைப்பிடியில் யாருமில்லை.

“நீயா பாலத்தைத் திறக்கறவ?”

“அஞ்சு மணியிலேர்ந்து என் ஷிப்ட். ரெண்டு பேர் தள்ளினாத்தான் திரும்பும். என்கூடத் தள்ளறவன் தன் கல்யாணத்துல ஆடிட்டிருக்கான். காலையிலேர்ந்து ஆள் தேடிட்டிருந்தேன்.”

“அப்ப என் படகு?”

“நீ தள்ளினா, பாலத்து மேல நிக்கற உன்னை விட்டுட்டுப் போயிடும். தள்ளலைன்னா போகவே போகாது. எப்படியும் நீ இங்கதான்.” அவள் சிரித்தாள். “நிடாவுக்கு ராத்திரி பஸ் இருக்கு. நானே ஏத்திவிடறேன்.”

“டேய், என்னடா மரம் மாதிரி நிக்கிற?” என்றார் மாமா.

அர்னாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாலத்தில் ஏறினான். “பாலம் திறக்கும்போது துறைமுகத்துல இருக்கணும்னுதானே சொன்னீங்க மாமா? இருக்கேன்!” என்று கத்திவிட்டு, எதிர்க் கைப்பிடியைத் தள்ளத் தொடங்கினான்.