வரிசையில் கடைசி

"தேய்ஞ்சுபோன ஷூவுக்கு அடிப்பகுதி மாத்தணும். பாறை ஏறுற ஷூ பத்தி உங்களுக்குத்தான் விவரம் தெரியும். பதினஞ்சாம் தேதிக்குள்ள கிடைக்கிற மாதிரி நல்ல கடையா பாருங்க" என்று மனைவி பார்சலைக் கட்டியே நீட்டினாள்.

கணவன் மூன்று கடைகளுக்குப் போன் செய்தான். முதல் கடை நாலு நாள் என்றது. அடுத்தது ஒரு வாரம் என்றது.

மூன்றாவது கடைக்காரர் தயங்கினார். "ஆறு வாரம் ஆகும் சார். நிறைய வேலை வரிசையில நிக்குது."

"அவசரமே இல்லை. கடைசியாவே வைங்க" என்றான், வாயெல்லாம் பல்லாக.

சனிக்கிழமை விடிந்தால் பாறை பாறை என்று ஓடுகிறாள். இந்த ஒரு தடவையாவது வீட்டில் இருக்கட்டுமே! பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் காரியம் முடிந்தது.

பதினான்காம் தேதி மாலை கடைக்காரர் அழைத்தார்.

"இப்பதான் பார்சலைப் பிரிச்சேன் சார். பத்தாம் நம்பர் ஷூதானே?"

"என் மனைவிக்கு அஞ்சாம் நம்பராச்சே?"

"உள்ள ஒரு சீட்டு இருக்கு சார். 'இது என் கணவர் ஷூ. குழந்தை பிறந்ததும் பரண்ல போட்டுட்டார். பதினஞ்சாம் தேதி அவருக்குப் பிறந்தநாள். தனியா ஏறி அலுத்துப்போச்சு, அவரையும் கூட்டிட்டுப் போகணும். எப்படியாவது முடிச்சுக் கொடுங்க'ன்னு எழுதியிருக்காங்க."

உள்ளறையில், இரண்டாவது ஹெல்மெட்டை அவசரமாகத் துணிக்கடியில் மறைத்தபடி மனைவி கேட்டாள்: "யாருங்க, ஷூ கடையா? ரெடியாமா?"