மூன்று சென்டிமீட்டர்

உணவுக்குழாயின் அடியில் மூன்று சென்டிமீட்டருக்குத் தோல் மாறி இரைப்பையின் தோலைப் போலச் சிவந்துவிட்டது, அமிலம் ஏற ஏற இதுவும் மேலே ஏறலாம், வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். டெய்லர் சூசைராஜுக்கு அளவு மட்டும்தான் மனதில் நின்றது. கடைக்கு வந்ததும் நெஞ்சுக்குழியிலிருந்து மேலே மூன்று சென்டிமீட்டர் டேப்பை வைத்து அளந்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் தன் பனியனில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். டீயை விட்டார், காரத்தை விட்டார், கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்தார். தையல் மெஷினைத்தான் விட முடியவில்லை. குனிந்தால் புளிப்பு தொண்டைக்கு வரும். குனியாமல் தைக்க முடியாது. நெஞ்சு எரியும்போதெல்லாம் மெஷினை மிதிக்கும் காலை நிறுத்திக் கோட்டைத் தொட்டுப் பார்ப்பார். பனியனை மாற்றவே இல்லை. ஏழாம் நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் மனைவி அமலி அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

"ஏட்டி, கோட்டை ஏன் அழிச்ச?"

"நாத்தம் தாங்கல, துவைச்சேன். வேற கோடு போட்டாப் போச்சு."

"எது வரைக்கும் ஏறலாம்னு அதுக்கு இனி எப்படித் தெரியும்?"

அமலி அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்து வந்து, அவர் போட்டிருந்த புதுப் பனியனில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ போடு" என்றார் சூசைராஜ்.